அமெரிக்க அரசமைப்புச் சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் எதையாவது அறிவித்து, அது நம் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் "அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?" என்று யாராவது என்னிடம் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் ஒரு கேள்வி பத்தாகிறது. அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் போக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

அந்தச் சட்டம் எவ்வளவு பெரியது? அதில் என்னதான் எழுதியிருக்கிறது?

மூலச் சட்டம் நான்கே தோல்தாள்கள். சுமார் 4,500 சொற்கள். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். இந்திய அரசமைப்பைப் படித்துப் பழகியவர்கள் இதை ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

மொத்தம் ஏழு பிரிவுகள். முதலாவது, பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றமான காங்கிரஸைப் பற்றியது. சட்டத்தின் ஏறக்குறைய பாதியை அதுவே எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது அதிபர், மூன்றாவது நீதிமன்றங்கள், நான்காவது மாகாணங்களின் பரஸ்பர உறவு, ஐந்தாவது திருத்தம் செய்யும் முறை. ஆறாவது பிரிவு, இந்தச் சட்டமே நாட்டின் உச்சச் சட்டம் என்கிறது. ஏழாவது, இது எப்படி நடைமுறைக்கு வரும் என்பதைச் சொல்கிறது. இவற்றுடன் பிற்காலத்தில் சேர்ந்த 27 திருத்தங்கள். பேச்சுரிமை, மத உரிமை போன்றவை மூலச் சட்டத்தில் இல்லை. 1791-இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட முதல் பத்துத் திருத்தங்களில்தான் அவை வருகின்றன.

1776-இல் சுதந்திரம் அறிவித்தார்கள். சட்டம் 1787-இல்தான் எழுதப்பட்டது. இடையில் என்ன செய்தார்கள்?

இடையில் வேறொரு சட்டம் இருந்தது. 1781-இல் முழு ஒப்புதல் பெற்ற அந்தக் கூட்டமைப்பு உடன்படிக்கையின்படி மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. பணம் வேண்டுமென்றால் 13 மாகாணங்களிடமும் கேட்க வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவற்றின் விருப்பம். உடன்படிக்கையில் ஒரு வரியை மாற்றவும் 13 மாகாணங்களும் ஒருமனதாக இசைய வேண்டும். 1786-இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேய்ஸ் தலைமையில் கிளர்ந்தெழுந்தபோது, படை திரட்டக்கூட மத்திய அரசிடம் காசு இல்லை.

அந்த அதிர்ச்சியில்தான் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் மாநாடு கூடியது. ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை. கோடை வெயிலில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு ரகசியமாகப் பேசினார்கள். கலந்துகொண்ட 55 பேரில் 39 பேர் செப்டம்பர் 17 அன்று கையெழுத்திட்டார்கள். ரோட் ஐலண்ட் யாரையும் அனுப்பவே இல்லை. ஒன்பது மாகாணங்கள் ஏற்றால் போதும் என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். 1788 ஜூனில் நியூ ஹாம்ப்ஷையர் ஒன்பதாவதாக ஏற்றது.

அதிபர் நினைத்தால் எதையும் செய்யலாம்தானே?

இல்லை. இந்தத் தவறான எண்ணம்தான் எனக்கு அதிகம் உறுத்துவது. அதிபரால் சட்டம் இயற்ற முடியாது. கருவூலத்திலிருந்து ஒரு டாலரை எடுக்கவும் காங்கிரஸ் நிதி ஒதுக்கிச் சட்டம் இயற்றியிருக்க வேண்டும். அந்தச் சட்டம் நிறைவேறாமல் இழுபறியானால் அரசு அலுவலகங்கள் மூடப்படும். 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள்கள் அப்படித்தான் பல துறைகள் முடங்கின. வரி விதிப்பதும் காங்கிரஸின் அதிகாரமே. இறக்குமதி வரியை மாற்றும் அதிபர், காங்கிரஸ் முன்பே இயற்றிய ஏதேனும் ஒரு சட்டத்தைக் காட்டியாக வேண்டும்.

அதிபருக்கு உண்மையிலேயே உள்ள அதிகாரங்கள் வேறு. படைகளின் தலைமைத் தளபதி அவர். மத்தியச் சட்டத்துக்கு எதிரான குற்றங்களுக்கு மன்னிப்பு வழங்கலாம். தூதர்களையும் நீதிபதிகளையும் நியமிக்கலாம், ஆனால் செனட்டின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவைப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். அதையே இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் மீண்டும் நிறைவேற்றினால் அவர் கையெழுத்து இல்லாமலே அது சட்டமாகிவிடும்.

பிறகு எப்படி நிர்வாக ஆணை என்று அடுக்கடுக்காகக் கையெழுத்துப் போடுகிறார்?

நிர்வாக ஆணை என்பது அதிபர் தமக்குக் கீழே உள்ள அரசு இயந்திரத்துக்கு இடும் கட்டளை. சட்டம் கொடுத்த இடத்துக்குள் அது செல்லும். அதைத் தாண்டினால் நீதிமன்றம் தடுக்கலாம். இதற்கு 1952-ஆம் ஆண்டு எஃகு ஆலை வழக்கை எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. வேலைநிறுத்தத்தால் எஃகு உற்பத்தி நின்றுவிடும் என்று அஞ்சிய அன்றைய அதிபர் ட்ரூமன், ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். போர்க்காலம், தலைமைத் தளபதி என்றெல்லாம் வாதாடியும் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்த ஆணை செல்லாது என்றது. ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஓர் அதிபரின் ஆணையை அடுத்த அதிபர் ஒரே கையெழுத்தில் நீக்கிவிடலாம்.

போர் தொடுப்பது யார் கையில் இருக்கிறது?

எழுத்தில், காங்கிரஸ் கையில். நடைமுறையில் அது அதிபர் கைக்கு நழுவிவிட்டது. காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942-இல். கொரியா, வியட்நாம் எதற்கும் அப்படி அறிவிப்பு இல்லை. வியட்நாமின் பாடத்தால் 1973-இல், அதிபர் நிக்சனின் மறுப்பையும் மீறி, காங்கிரஸ் ஒரு தீர்மானச் சட்டத்தை நிறைவேற்றியது: படைகளை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும், அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாள்களில் பின்வாங்கத் தொடங்க வேண்டும். அதற்குப் பின் வந்த அதிபர்கள் இதை முழு மனதோடு ஏற்கவில்லை. சட்டத்தின் எழுத்துக்கும் நடப்புக்கும் இடையே எனக்குத் தெரிந்த மிகப் பெரிய விரிசல் இதுதான்.

கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர், வயோமிங்குக்கும் இரண்டு செனட்டரா? இது என்ன நியாயம்?

2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3.95 கோடிப் பேர். வயோமிங்கில் ஆறு லட்சத்துக்கும் குறைவு. இருவருக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர்கள்தான். பிலடெல்பியா மாநாடு உடைந்துபோகும் நிலைக்குச் சென்றது இந்த விஷயத்தில்தான். பெரிய மாகாணங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்களைக் கேட்டன. சிறியவை சம இடம் கேட்டன. இரண்டையும் கொடுத்துச் சமரசம் செய்தார்கள்: இன்று 435 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதிகள் சபை மக்கள்தொகைப்படி, இன்று 100 பேர் கொண்ட செனட் சமமாக. அன்று அந்தச் சமரசம் இல்லாவிட்டால் சட்டமே இல்லை. இன்றைய இடைவெளி நியாயமா என்றால், இல்லை என்பதே என் கருத்து.

அதிக வாக்கு வாங்கியவர் தோற்றுப்போவது எப்படி?

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வாளர் குழு தேர்ந்தெடுக்கிறது. ஒரு மாகாணத்தின் பிரதிநிதிகள் சபை இடங்களையும் இரண்டு செனட் இடங்களையும் கூட்டினால் அதன் தேர்வாளர் எண்ணிக்கை வரும். 1961-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தலைநகர் வாஷிங்டனுக்குக் கிடைத்த மூன்றையும் சேர்த்து மொத்தம் 538. வெல்ல 270 வேண்டும்.

மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாகாணங்களில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாகாணத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போகிறார்கள். அதனால்தான் 2000-இல் சுமார் 5.4 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்ற அல் கோரும், 2016-இல் 28 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் பெற்ற ஹிலாரி கிளிண்டனும் தோற்றார்கள்.

பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறிய பிறகும் அதிபர் பதவியில் நீடிக்கிறாரே?

அது குற்றச்சாட்டு மட்டுமே, தீர்ப்பு அல்ல. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டுகிறது. விசாரணை நடப்பது செனட்டில். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868-இல் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். கிளிண்டனும், இரண்டு முறை குற்றம் சாட்டப்பட்ட டிரம்பும் விடுவிக்கப்பட்டார்கள். நிக்சன் வாக்கெடுப்பு வருமுன் தாமே விலகினார். இதுவரை செனட் பதவி நீக்கிய எட்டுப் பேரும் நீதிபதிகளே.

காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்கிறது. அந்த அதிகாரம் எந்தப் பிரிவில் இருக்கிறது?

வெளிப்படையாக எந்தப் பிரிவிலும் இல்லை. 1803-இல் உச்ச நீதிமன்றமே அதை எடுத்துக்கொண்டது. கதை சுவையானது. பதவி முடியும் தறுவாயில் அதிபர் ஜான் ஆடம்ஸ் பலரை அவசரமாக நியமித்தார். அவர்களில் வில்லியம் மார்பரி என்பவரின் நியமனப் பத்திரம் முத்திரையிடப்பட்டும் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த ஜெபர்சன் அரசு அதைத் தர மறுத்தது. மார்பரி உச்ச நீதிமன்றத்துக்கு நேரடியாகப் போனார். அங்கே தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். அந்தப் பத்திரத்தை அனுப்பத் தவறிய அன்றைய வெளியுறவுச் செயலாளரும் அவரே!

பத்திரத்தைக் கொடு என்று உத்தரவிட்டால் ஜெபர்சன் மதிக்கமாட்டார். நீதிமன்றத்தின் மானம் போகும். மார்ஷல் வேறு வழி பிடித்தார். மார்பரிக்கு உரிமை உண்டு, ஆனால் இந்த வழக்கை நேரடியாக எங்களிடம் கொண்டுவர வழிசெய்த சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது, ஆகவே அது செல்லாது என்றார். ஜெபர்சன் வென்றார், மறுக்க அவருக்கு எந்த உத்தரவும் இல்லை. நீதிமன்றமோ அதைவிடப் பெரிய அதிகாரத்தை அடைந்தது.

மாகாணங்களுக்கு என்ன மிச்சம்? விரும்பினால் பிரிந்து போகலாமா?

மத்திய அரசின் அதிகாரங்கள் முதல் பிரிவில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன: நாணயம், அஞ்சல், மாகாணங்களுக்கு இடையிலான வணிகம், படை என்று. மற்றவை மாகாணங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது பத்தாம் திருத்தம். பள்ளிகள், காவல், திருமணப் பதிவு, பெரும்பாலான குற்றவியல் சட்டங்கள் எல்லாம் மாகாணங்களுடையவை. ஒரே குற்றத்துக்கு ஒரு மாகாணத்தில் மரண தண்டனை உண்டு, பக்கத்து மாகாணத்தில் இல்லை என்பதற்குக் காரணம் இதுவே.

பிரிந்து போக முடியாது. உள்நாட்டுப் போர் முடிவு செய்த அதை, 1869-இல் டெக்சாஸ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டமாகவும் உறுதிசெய்தது.

சரி, திருத்தம் எப்படிச் செய்கிறார்கள்?

ஐந்தாவது பிரிவில் இரண்டு படிகள். முதலில் முன்மொழிவு: காங்கிரஸின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் முன்மொழியலாம், அல்லது மூன்றில் இரண்டு பங்கு மாகாணங்கள், அதாவது 34, கேட்டால் அதற்கென ஒரு மாநாடு கூட்டப்படும். இரண்டாவது ஒப்புதல்: நான்கில் மூன்று பங்கு மாகாணங்கள், அதாவது 38, ஏற்க வேண்டும். மாகாணச் சட்டமன்றங்கள் ஏற்கலாம், அல்லது மாகாணந்தோறும் கூட்டும் மாநாடுகள் ஏற்கலாம். எது என்பதைக் காங்கிரஸ் தீர்மானிக்கும். மாநாடுகளின் வழியே ஒப்புதல் பெற்றது, மதுவிலக்கை நீக்கிய 1933-ஆம் ஆண்டின் 21-ஆவது திருத்தம் ஒன்றுதான்.

இன்றுவரை 11,000-க்கும் மேற்பட்ட முன்மொழிவுகள் காங்கிரஸில் கொண்டுவரப்பட்டன. மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டவை 33. தேறியவை 27.

அதிபரின் கையெழுத்து வேண்டாமா?

வேண்டாம். அவருக்கு இதில் எந்த வேலையும் இல்லை. 1798-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது திருத்தத் தீர்மானத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். அது தேவையில்லாதது என்று செனட் தீர்மானம் போட்டது.

ஒரு திருத்தம் நிறைவேற இருநூறு ஆண்டு ஆனதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1789-இல் காங்கிரஸ் அனுப்பியது பன்னிரண்டு திருத்தங்கள். பத்து மட்டும் 1791-இல் தேறின. மிஞ்சியதில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரவேண்டும் என்பது. அதற்குக் காலக்கெடு எதுவும் விதிக்கப்படவில்லை.

1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆசிரியர் அதற்குச் சுமாரான 'சி' தரமே கொடுத்தார். மாணவர் விடவில்லை, மாகாணம் மாகாணமாகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். 1992-இல் அது 27-ஆவது திருத்தமானது. 2017-இல் பல்கலைக்கழகம் அவருடைய தரத்தை 'ஏ' என்று மாற்றியது. குடிமக்களால் என்ன செய்துவிட முடியும் என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

அடிமைமுறையை அனுமதித்த சட்டத்தை எதற்காகப் போற்ற வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். 1787-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையைப் பாதுகாத்தது. ஒரு மாகாணத்தின் இடங்களைக் கணக்கிட, அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொண்டார்கள்; வாக்கில்லாத மனிதர்களைக் காட்டி அவர்களின் எசமானர்கள் கூடுதல் இடங்களைப் பெற்றார்கள். 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்றார்கள். தப்பியோடிய அடிமையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், ஆப்பிரிக்க வம்சாவளியினர் குடிமக்களாகவே இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதை மாற்றியது போரும், போருக்குப் பின் வந்த மூன்று திருத்தங்களும். 13-ஆவது (1865) அடிமைமுறையை ஒழித்தது. 14-ஆவது (1868) அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் ஆட்சிக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்கள் என்றது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாகாணமும் மறுக்கக் கூடாது என்றது. 15-ஆவது (1870) இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கத் தடை விதித்தது. ஆனாலும் தென் மாகாணங்கள் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று புதுப்புது முட்டுக்கட்டைகளைப் போட்டு இன்னும் ஒரு நூற்றாண்டு கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. 1964-இன் 24-ஆவது திருத்தமும் 1965-இன் வாக்குரிமைச் சட்டமும் தேவைப்பட்டன. நான் மதிப்பது பிலடெல்பியாவில் எழுதியதை அல்ல. அதைத் திருத்தப் போராடியவர்களை.

பெண்களுக்கு வாக்குரிமை ஒரே ஒரு வாக்கில் கிடைத்ததா?

1920 ஆகஸ்ட்டில் 36-ஆவது மாகாணமாக டென்னசி ஏற்றால் 19-ஆவது திருத்தம் தேறிவிடும் என்ற நிலை. அங்கே 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன், எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் அவருடைய அம்மாவின் கடிதம்: ஆதரித்து வாக்களி என்று. பெயரை அழைத்ததும் 'ஆம்' என்றார். ஒரு வாக்கில் தேறியது.

ஆண், பெண் சம உரிமைத் திருத்தத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1972-இல் காங்கிரஸ் அனுப்பியது; ஏழு ஆண்டு கெடு, பிறகு 1982 வரை நீட்டிப்பு. அதற்குள் 35 மாகாணங்களே ஏற்றன. 38-ஆவதாக விர்ஜீனியா ஏற்றது 2020-இல். கெடு தாண்டிய ஒப்புதல் செல்லுமா என்ற சண்டையில் அது சட்டத்தில் சேராமல் நிற்கிறது.

இந்தியாவில் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்கிறோமே, அங்கே அப்படி உண்டா?

1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வகுத்த அந்தக் கோட்பாடு அமெரிக்காவில் இல்லை. 19-ஆவது திருத்தம், வாக்காளர் பட்டியலையே மாற்றி மாகாணங்களின் தன்னாட்சியை அழிக்கிறது என்று ஒரு வழக்கு வந்தது. 1922-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. முறைப்படி நிறைவேறிய எந்தத் திருத்தத்தையும் இதுவரை அது ரத்து செய்ததில்லை. மாறாக, நீதிமன்றத்தின் தீர்ப்பைத் திருத்தம் முறியடித்ததுண்டு: ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை 14-ஆவது, வருமான வரிக்கு எதிரான 1895 தீர்ப்பை 16-ஆவது.

எழுத்தில் நிலைத்திருக்கும் ஒரே பூட்டு, எந்த மாகாணத்துக்கும் அதன் சம்மதமின்றி செனட்டில் சம இடத்தைப் பறிக்கக் கூடாது என்பது. மேலே செனட் பற்றிக் கேட்டவர்களுக்கு இதுவே கசப்பான பதில்.

இரண்டு முறை அதிபராக இருந்தவர் துணை அதிபராகி, பிறகு அதிபராகலாமா?

1951-இன் 22-ஆவது திருத்தம், எவரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் 'தேர்ந்தெடுக்கப்பட'க் கூடாது என்கிறது. 12-ஆவது திருத்தம், அதிபராகத் தகுதியில்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்கிறது. தேர்ந்தெடுக்கப்படத் தடை என்றால் பதவி வகிக்கவே தகுதியில்லை என்று பொருளா? இதில் சட்ட அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள்; வழக்கு வராததால் தீர்ப்பும் இல்லை. நான்கு முறை வென்ற ரூஸ்வெல்ட்டுக்குப் பின் இந்தத் திருத்தத்தை எதற்காகக் கொண்டுவந்தார்களோ அந்த நோக்கத்தைப் பார்த்தால், முடியாது என்பதே சரியென்று எனக்குப் படுகிறது.

கமலா ஹாரிஸின் பெற்றோர் வெளிநாட்டவர். அவர் எப்படிப் போட்டியிட்டார்?

தமிழ்நாட்டில் வேர்கொண்ட ஷியாமளா கோபாலனின் மகள் என்பதால் நம்மவர்கள் அதிகம் கேட்ட கேள்வி இது. அதிபரும் துணை அதிபரும் பிறப்பால் குடிமக்களாக இருக்க வேண்டும். அவர் 1964-இல் ஓக்லண்டில் பிறந்தவர். மேலே சொன்ன 14-ஆவது திருத்தத்தின்படி பெற்றோர் யார் என்பது தடையில்லை. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், வெளிநாடு போய்த் திரும்பியபோது உள்ளே விட மறுக்கப்பட்டு வழக்காடி, 1898-இல் இதை உறுதிசெய்துகொண்டார். ஆவணமின்றியோ தற்காலிக விசாவிலோ இருப்பவர்களின் குழந்தைகளுக்கு இந்த உரிமை இல்லை என்று டிரம்ப் 2025 ஜனவரியில் ஆணையிட்டதும் வழக்குகள் குவிந்தன.

மாகாணங்கள் மாநாடு கூட்டிச் சட்டத்தையே புதிதாக எழுதிவிட்டால்?

34 மாகாணங்கள் கேட்டால் மாநாடு கூட்டப்படும் என்று சொன்னேன். அப்படி ஒரு மாநாடு இன்றுவரை கூடியதில்லை. ஒரு பொருளுக்கென்று கூடும் மாநாடு அதோடு நிற்குமா, எல்லாவற்றையும் கிளறுமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. பயப்படுகிறவர்கள் 1787-ஐக் காட்டுகிறார்கள்: பழைய உடன்படிக்கையைத் திருத்தக் கூடியவர்கள்தான் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது எழுதினார்கள்; ஒருமனதாக 13 வேண்டும் என்ற விதியையும் ஒன்பது போதும் என்று மாற்றினார்கள்.

ஆனால் மாநாடு எதை எழுதினாலும் 38 மாகாணங்களின் ஒப்புதல் வேண்டும். 13 மாகாணங்கள் மறுத்தால் முடிந்தது. மிகச் சிறிய 13 மாகாணங்களின் மக்கள் அனைவரையும் கூட்டினாலும் நாட்டின் மக்கள்தொகையில் இருபதில் ஒரு பங்கு வராது. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய 1971-ஆம் ஆண்டின் 26-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, 1789-இல் எழுதிய அந்தச் சம்பளத் திருத்தத்தைத் தவிர வேறெதுவும் தேறாததற்கு இந்தக் கணக்கே பெரும் காரணம்.